காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டவர்

அவருடைய வகுப்பில் "உள்ளேன் அம்மா" என்று சொல்ல அனுமதி கிடையாது. வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயரை வாசிப்பார். பெயருக்குரிய பிள்ளை எழுந்து நின்று, அன்று காலையில் தான் சாப்பிட்டது என்னவென்று சொல்ல வேண்டும். பதில் வந்தால்தான் பதிவேட்டில் அவருடைய பேனா இறங்கும்.

"பழைய சோறும் மோர் மொளகாயும் டீச்சர்."

"எவ்வளவு?"

"ஒரு கும்பா."

"உக்காரு. அடுத்து?"

"ரெண்டு பன்னு, ஒரு டீ."

"பன்னு யாரு வாங்குனது?"

"நாந்தான் டீச்சர். அப்பா காசு வச்சிட்டுப் போச்சு."

"அதே கடையிலதானே வாழத்தாரு தொங்குது? அது ஒன் கண்ணுல படலயா? உக்காரு. அடுத்து?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லங்கிறது என்ன பலகாரம்? ஏன் ஒண்ணுமில்ல?"

ஏழாம் வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். நாற்பது நிமிடப் பாடவேளையில் பன்னிரண்டு நிமிடங்கள் இப்படிக் கழியும். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியன் நான். வராந்தாவில் கைக்கடிகாரத்தோடு நின்று அளந்திருக்கிறேன் என்பதால் பன்னிரண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

"டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுக்க இவ்வளவு நேரம் எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பிள்ள வந்திருக்கான்னு பாக்க ஒரு நிமிசம் போதும் சார். எந்த வயித்தோட வந்திருக்குன்னு பாக்க வேணாமா?"

"அப்ப பாடம்?"

"ஒடல்நலமும் சுகாதாரமும்னு புத்தகத்துல ஒரு பாடம் இருக்குல்ல சார். மத்தவங்க வருசத்துக்கு ஒருக்கா நடத்துறாங்க. நான் தெனமும் நடத்துறேன். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்ன இப்ப?" என்பதோடு அவருடைய எந்த வாதமும் முடிந்துவிடும். அதற்கு மேல் சொல்ல நமக்கு ஒன்றும் இருக்காது; இருந்தாலும் கேட்க அவர் அங்கே இருக்க மாட்டார்.

அவர் இறந்து நாற்பது நாட்களாகின்றன. கீரனூரில் அவருடைய வீட்டில் நடந்த படத்திறப்பில் பேசியவர்கள், பொறுமையின் வடிவம் என்றார்கள். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர் என்றார்கள். முன் வரிசையில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். என்னையும் பேச அழைத்தார்கள். தொண்டை சரியில்லை என்று கையால் காட்டி மறுத்துவிட்டேன். தொண்டையில் ஒரு குறையும் இல்லை. அவரோடு பணியாற்றிய ஆறு ஆண்டுகளில், அவரால் நான் எரிச்சலடையாத வாரம் ஒன்றுகூட நினைவில் இல்லை. மாலை போட்ட படத்தின் முன் நின்று அதைச் சொல்ல முடியாது. வேறு எதைச் சொன்னாலும் அது பொய். நான் அழவும் இல்லை. அழுவதற்கு உரிமையுள்ளவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள்.

பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகளுக்கு அவர் சயின்ஸ் டீச்சர். ஊராருக்குக் கீரனூர் டீச்சர். பதிவேடுகளில் மட்டும் பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை.

எங்கள் பள்ளி குன்றாண்டார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு நடுநிலைப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை. காலை உணவுத் திட்டம் வந்தபின், ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகள் எட்டரை மணிக்கெல்லாம் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். கிச்சடி வாசனை பள்ளி முழுவதும் நிற்கும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கூடத்தைக் கடந்துதான் தங்கள் வகுப்புக்குப் போக வேண்டும். கட்டடம் அப்படி அமைந்துவிட்டது.

அவருடைய பேருந்து எட்டு நாற்பதுக்கு வரும். எட்டு நாற்பத்தைந்துக்கு அவருடைய குரல் என் அறைக்குள் வரும். அதற்குப் பின்னால் அவர் வருவார். நாற்காலியில் அமர்ந்தபின் "வரலாமா சார்?" என்று கேட்பார்.

"சார், அஞ்சாவது படிக்கிறப்ப பசிச்ச வயிறு, ஆறாவது வந்த அன்னைக்கே பசிக்காமப் போயிருமா?"

"திட்டம் அஞ்சாவது வரைக்குந்தான் டீச்சர்."

"அண்டாவுல மிச்சம் கெடக்குதே, அதையாச்சும் குடுக்கலாம்ல?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ரூல்ல எடமில்ல."

"ரூலு சாப்புட்டுட்டு வந்துருச்சா சார்?"

இப்படிப் பேசுபவரை வைத்துக்கொண்டு ஒரு நிர்வாகி என்ன செய்வது? நான் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். எதையும் அளவோடும் ஒழுங்கோடும் செய்ய வேண்டும் என்று நம்புபவன். மீதமான கிச்சடியை யாருக்குத் தரலாம் என்று மேலிடத்தில் கேட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வரும். பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

ஒருமுறை, பள்ளிகளில் ஆரோக்கியமான உணவுப் பழக்கத்தை வளர்ப்பது குறித்து விளக்கப் படங்கள் தயாரிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஓவிய ஆசிரியர் மூன்று நாள் உட்கார்ந்து, வானவில் வடிவில் காய்கனிகளை வரைந்தார். உண்மையிலேயே அழகான படம். அதிகாரி வருவதற்கு முதல் நாள் மாலை நான் பார்த்தபோது, அதில் பாதிப் பழங்களின்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. யார் வேலை என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

"டீச்சர், என்ன இது?"

"கிவின்னு ஒரு பழம் போட்டிருக்காரு. ப்ரோக்கோலியாம். கீரனூர் சந்தையில யாரு சார் விக்கிறா? பிள்ளைக அதப் பாத்துட்டு, நல்ல சாப்பாடுங்கிறது நமக்கு இல்ல, டிவியில வாரவங்களுக்குத்தான்னு நெனச்சுக்கும்."

"நாளைக்கு ஆபீசர் வராங்க!"

"வரட்டும். நாலு நெல்லிக்காய வரைஞ்சு வைக்கச் சொல்லுங்க. முருங்கக்கீர, கேப்பக்களி, கடல. ஊரச் சுத்திக் கடலக்கொல்ல. அது அத்தனையும் மூட்டையில ஏறிப் போயிருது. வெதச்சவன் வீட்டுப் பிள்ள வெறும் டீயக் குடிச்சிட்டு வருது. அத வரையச் சொல்லுங்க சார்."

ஓவிய ஆசிரியர் அதன்பின் இரண்டு மாதங்கள் அவரோடு பேசவில்லை. நான் இரண்டு நாட்கள் பேசவில்லை. இரண்டையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவர் எங்கள் பள்ளியில் இருந்த கடைசிக் கல்வியாண்டின் தொடக்கத்தில்தான் ஹரிணியின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். ஹரிணி ஏழாம் வகுப்பில் புதிதாக அடியெடுத்து வைத்திருந்த பெண். அம்மா திருச்சியில் கட்டட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் புறப்படும் முதல் பேருந்தைப் பிடித்தால்தான் வேலை. அன்று அதை விட்டுவிட்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க வீட்டு அடுப்புல பூன படுத்திருக்கா, பால் பொங்குதான்னு ஒங்க டீச்சருக்கு எதுக்கு சார்?"

"பிள்ளைங்க நல்லதுக்குத்தாம்மா கேக்குறாங்க."

"நல்லதுக்குக் கேக்குறவுக நாலு பேருக்கு முன்னாடியா கேப்பாக? மூணு நாளு எம்மக 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லியிருக்கு. இப்ப பயலுக அவ பேரயே 'ஒண்ணுமில்ல'ன்னு மாத்திட்டானுக. ரோட்டுல போனா 'ஏய் ஒண்ணுமில்ல'ங்கிறானுக. ராத்திரி ஆக்கி வச்சுட்டுத்தான் போறேன் சார். வெயில் காலத்துல ஊசிப்போச்சுன்னா நான் என்ன பண்ண?"

பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பேசவும் செய்தேன். டீச்சரின் முகம் சுருங்கிப்போனது. மறுநாள் காலை அந்தப் பையன்களை நிறுத்தி வைத்து அவர் போட்ட சத்தம் என் அறை வரை கேட்டது. போட்டு முடித்தபின், பதிவேட்டைத் திறந்து வழக்கம்போல முதல் பெயரை வாசித்தார். எதை நிறுத்தச் சொன்னேனோ அதை நிறுத்தவில்லை. அதற்குச் சிரித்தவர்களை மட்டும் நிறுத்தினார்.

அடுத்த நாள் ஹரிணி எழுந்து, "பூரி கெழங்கு டீச்சர்" என்றாள்.

"அட! பூரியா! உக்காரு, உக்காரு" என்றார் டீச்சர்.

அந்த "அட" பிள்ளைகள் எல்லோர் காதிலும் விழுந்தது. அடுத்த வாரத்தில் பன்னுகள் குறைந்து இட்லிகள் கூடின. அதற்கடுத்த வாரம் தோசை, பொங்கல், முட்டை. ஒருவன் பாலும் பேரீச்சம்பழமும் என்றான். ஒரு திங்கட்கிழமை அவருடைய குரல் வழக்கத்தைவிட முன்கூட்டியே என் அறைக்குள் வந்தது.

"சார்! போன வாரம் முழுக்க ஒரு 'ஒண்ணுமில்ல' கூட இல்ல!"

"முப்பத்து நாலு பேருமா?"

"முப்பத்து நாலும். ஹரிணியோட அம்மாகூடக் காலையில பூரி போட்டுக் குடுத்துட்டுப் போகுதாம். கேட்டுக் கேட்டுத்தான் சார் மாத்தணும். நீங்கதான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

நாற்றுநடும் காலம் அது. பாதி வீடுகளில் பெரியவர்கள் இருட்டோடு புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எத்தனை அடுப்படிகளில் பூரி பொரிய முடியும்? இந்தக் கேள்வி அப்போதே எனக்குள் எழுந்தது. அறிவியல் படித்தவன், எழாமல் இருக்குமா? ஆனால் கேட்கவில்லை. அந்த மாத அறிக்கைக்கு ஒரு நல்ல செய்தி தேவைப்பட்டது. 'ஏழாம் வகுப்பில் காலை உணவைத் தவிர்க்கும் பழக்கம் முற்றிலும் மறைந்துள்ளது' என்று எழுதி அனுப்பினேன். அவர் நம்பினார், நான் பயன்படுத்திக்கொண்டேன். எது பெரிய பிழை என்பதை இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை, சொல்ல விரும்பாததும் ஒரு காரணம்.

வாரந்தோறும் வியாழக்கிழமை, ஆறாம் வகுப்பு முதல் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவது வழக்கம். நீல நிறத்தில் சிறிய மாத்திரை. மதிய உணவு முடிந்த பின்னரே தர வேண்டும். ஆனால் அந்த வியாழக்கிழமை மதியம் ஆரோக்கிய உணவுக் கண்காட்சி வைத்திருந்தோம். வெளியிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது. காலையில் ஆசிரியர்களை அழைத்து நான் சொன்னேன்: "மாத்திரைய இப்பவே முடிச்சிருங்க. வீட்டுல சாப்புட்டு வந்த பிள்ளைகளுக்கு மட்டும்."

மற்ற இரு வகுப்பாசிரியர்களும் அலங்கார வேலையில் அதை மறந்துபோனார்கள். இவர் மறக்கவில்லை. மறப்பதற்கு என்ன இருந்தது? யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டறியும் ஏற்பாடு பள்ளியிலேயே அவர் ஒருவரிடம்தான் இருந்தது. பெயர் பெயராக வாசித்தார். பூரி, இட்லி, தோசை, பொங்கல். முப்பத்து நான்கு பிள்ளைகளுக்கும் கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கிவிட்டார்களா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்லியும் பார்த்தார்.

பதினொரு மணிக்கு முதல் பிள்ளை வாந்தியெடுத்தது. அடுத்த அரைமணி நேரத்தில் பதினொரு பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார்கள். கேழ்வரகும் கீரையும் அடுக்கி வைத்திருந்த கண்காட்சி மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். ஆம்புலன்ஸ் இரண்டு நடை வந்து போனது.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல சார். வெறும் வயித்துல இந்த மாத்திரை போட்டா சில பிள்ளைகளுக்குப் பெரட்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம்."

"வெறும் வயிறு இல்லிங்களே டாக்டர்" என்றார் டீச்சர். "எல்லாம் சாப்புட்டுத்தான் வந்துச்சுக. நான் கேட்டேனே."

மருத்துவர் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஹரிணியிடம் குனிந்தார். "காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"பூரி கெழங்கு."

அவளுக்கு முன்னால் வாந்தியெடுக்க வைத்த பிளாஸ்டிக் வட்டை இருந்தது. அதில் தண்ணீரும் சிறிது நுரையும் நீலக் கறையும்தான் இருந்தன. மருத்துவர் அதைப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. பெண்கள் தலையிலடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறை.

"என்னத்தக் குடுத்துக் கொல்லப் பாத்தீங்க? காலாவதியான மாத்திரையா?"

"எம்பிள்ள காலையில நல்லாத்தான சாப்புட்டுட்டுப் போச்சு!" என்றார் ஒரு தாய். மற்றொருவரும் அப்படியே சொன்னார். பிள்ளைகள் சொன்ன பொய்யையே அவர்களும் சொன்னார்கள், அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

மருத்துவர் விளக்கம் சொல்ல முன்வந்தார். "இல்லம்மா, பிள்ளைங்க இன்னைக்குச் சாப்பிடாம—"

"ரெண்டு ரெண்டாக் குடுத்துட்டேங்க" என்றார் டீச்சர்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரு மாத்திரதான் குடுக்கணும். நான் கவனமில்லாம ரெண்டு ரெண்டா வச்சுட்டேன். பிள்ளைக மேல ஒண்ணுமில்ல. அதுக சாப்புட்டுத்தான் வந்துச்சுக. தப்பு என்னோடது."

அதன்பின் அவர்மேல் விழுந்த சொற்களை நான் எழுத மாட்டேன். மருத்துவர் என்னைப் பார்த்து, "அப்படியா சார்?" என்று கேட்டார். நான் ஆமோதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இரண்டில் ஒன்றைச் செய்வதற்குத்தான் அரசு என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தது.

மாலையில் பள்ளிக்குத் திரும்பியதும் காலியான மாத்திரை அட்டைகளை மேசைமேல் பரப்பி எண்ணினேன். எத்தனை பிள்ளைகளோ அத்தனை பொத்தல்கள்தான் இருந்தன.

"டீச்சர், முப்பத்து நாலுதான் இருக்கு. ஒண்ணு ஒண்ணாத்தான் குடுத்திருக்கீங்க."

"இருக்கட்டும். அந்த அட்டையத் தூக்கி அடுப்புல போடுங்க."

"விசாரண வரும். மெமோ குடுப்பாங்க. எங்கிட்டாவது தூக்கிப் போட்டுருவாங்க. பொய் சொல்றதுன்னு ஆச்சு, அதுல ஒரு சின்னப் பொய்யாப் பாத்துச் சொல்லக் கூடாதா?"

"சின்னதாச் சொன்னா நம்ப மாட்டாங்க சார்." பரப்பியிருந்த அட்டைகளை ஒன்றாகச் சேர்த்தபடி தொடர்ந்தார். "பதினோரு பிள்ள வெறும் வயித்தோட வந்துச்சுன்னு எழுதுனா, பேரோடதானே எழுதணும்? எந்தெந்த வீட்டுல அடுப்பு எரியலன்னு ஊரே படிக்கும். ஹரிணியோட அம்மா நாளைக்கு எந்த மொகத்தோட திருச்சி பஸ்ஸுல ஏறும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அந்தப் பிள்ளைகளப் பொய் சொல்ல வச்சதே நீங்கதானே!" என்றேன்.

ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக அவர் என்னோடு வாதாடவில்லை.

"ஆமா சார்" என்றார். "அதான் நானே சொமக்குறேன்னு சொல்றேன். நீங்க காலையில குடுக்கச் சொன்னதையும் எழுத வேணாம். மதியம் குடுக்க வேண்டியத நானாக் காலையில குடுத்தேன்னு இருக்கட்டும். ரெண்டு பேரு மாட்டி என்ன ஆகப்போகுது?"

மறுநாள் இடைவேளையில் ஹரிணி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், டீச்சர் எங்களுக்கு ஒரு மாத்திரதான் குடுத்தாங்க."

"அப்ப ஏன் வாந்தி வந்துச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள். கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். உண்மையைச் சொல்ல வந்த பிள்ளைக்கு, அதன் மறுபாதியைச் சொல்ல வாய் வரவில்லை. நானும் கேட்கவில்லை. "வகுப்புக்குப் போம்மா" என்றேன்.

என் அறிக்கையில் மூன்று வரிகள் இருந்தன. மூன்றும் அவர் சொன்னபடியே எழுதியவை. மாத்திரையைக் காலையிலேயே முடிக்கச் சொன்னவன் நான் என்ற நான்காவது வரி அதில் இல்லை.

கோட்டைப்பட்டினத்துக்கு மாறுதல் உத்தரவு வந்தது. கீரனூர் எங்கள் மாவட்டத்தின் ஒரு கோடி. அது கடலோரத்தில் மறு கோடி. தினமும் போய்வர முடியாது; அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்க வேண்டும். உத்தரவைப் படித்துவிட்டு, "அங்கிட்டு மீன் நல்லாக் கெடைக்கும் சார். பிள்ளைகளுக்குச் சத்துக்குக் கொறவிருக்காது" என்றார். இந்த மாதிரி நேரத்தில் இப்படிப் பேசுகிறவரிடம் எப்படி வருத்தம் தெரிவிப்பது? உத்தரவின் நகலைக் கோப்பில் செருகினேன்.

விடுவிக்கப்பட இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில் வருகைப் பதிவு மாறிப்போனது. கீரனூரிலிருந்து ஒரு பையில் நிலக்கடலை கொண்டுவருவார். கிச்சடி இறக்கிய அடுப்பில் சமையல்காரம்மா அதைத் தோலோடு அவித்துக் கொடுப்பார். அவித்த கடலை நிறைந்த அலுமினியப் பாத்திரத்தை வகுப்பின் கடைசி பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். தேதியை எழுதுவார். கிழமையை எழுதுவார். பாடத்தின் பெயரை எழுதி, அதன் கீழே கோடு போட்டு, கோட்டின்மேல் பூ வரைவார். ஐந்து நிமிடங்கள் வகுப்புக்கு முதுகைக் காட்டியபடியே நிற்பார். பின்னால் கடலை உடைபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு திரும்பிப் பதிவேட்டைத் திறப்பார். பிள்ளைகள் "உள்ளேன் அம்மா" என்பார்கள். வேறு கேள்வி இல்லை.

"டீச்சர், வகுப்புல திங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"யாரு தின்னா? நான் பாக்கலியே சார்."

"பசியில்லாத பயலும்ல எடுத்துத் திங்கிறான்?"

"எடுக்கட்டும். அவனும் எடுத்தாத்தான் பசிச்சவன் யாருன்னு தெரியாது."

"ஆறு வருசமா அதத் தெரிஞ்சுக்கத்தானே பேர் பேராக் கேட்டீங்க?"

"கேட்டேன். எனக்குத் தெரிஞ்சுதான் என்ன சார் ஆச்சு? அதுக வயித்துக்குள்ள போச்சா?"

அவர் போனபின், அந்தப் பாடவேளையை நானே எடுத்துக்கொண்டேன். கடலைக்கும் ஏற்பாடு செய்தேன். எல்லாம் அவர் செய்தபடியே. பாத்திரத்தை வைத்தேன், திரும்பிக்கொண்டேன், தேதியை எழுதினேன். எனக்குப் பூ வரைய வராது. கோடு மட்டும் போட்டேன். முதல் இரண்டு நாட்கள் பின்னால் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள், எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று அறிந்துகொள்ள வேண்டும்போலத் தோன்றியது. அளக்காமல் ஒரு காரியத்தை நடத்தி எனக்குப் பழக்கமில்லை. திரும்பிப் பார்த்துவிட்டேன்.

ஹரிணியின் கை பாத்திரத்துக்குள் இருந்தது. என்னைக் கண்டதும் வெறுங்கையை வெளியே எடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற நான்கைந்து பிள்ளைகள், தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள்போல வாசல் பக்கம் நடந்தார்கள். மறுநாள் பாத்திரம் வைத்தது வைத்தபடி இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் பார்த்துவிட்டு, கோட்டைப்பட்டினத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"டீச்சர், பிள்ளைங்க கடலைய எடுக்க மாட்டேங்குதுங்க."

"திரும்பிப் பாத்தீங்களா?"

"எத்தன பேரு எடுக்குறாங்கன்னு தெரிய வேணாமா டீச்சர்?"

"பாத்துட்டீங்க" என்றார். காற்றும் கடலும் சேர்ந்து இரைந்தன. "சரி, ஒரு வாரம் லீவு போடுங்க."

"நானா? எதுக்கு?"

"நீங்க நிக்கிற வரைக்கும் அதுக எடுக்காது சார். வேற யாரையாவது வகுப்புக்கு அனுப்பிட்டு நீங்க வீட்டுல இருங்க."

"டீச்சர், நான் தலைமையாசிரியர். வருச நடுவுல ஒரு காரணமும் இல்லாம எப்படி—"

"அப்பன்னா பட்டினி கெடக்கட்டும்" என்று தொடர்பைத் துண்டித்துவிட்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. மறுபடி பேச நான்தான் முயலவில்லை. எரிச்சல் அடங்கியபின் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவர் மாறிப் போன இரண்டாம் ஆண்டில், மூளையில் இரத்தக்கசிவு என்று செய்தி வந்தது.

தொலைபேசியில் பேசிய அன்றைய கோபத்தோடேயே விடுப்பு விண்ணப்பத்தை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். வகுப்புக்குக் கணக்கு ஆசிரியரை ஏற்பாடு செய்தேன். இளைஞர், இயல்பாகவே யாரையும் நிமிர்ந்து பார்க்காதவர், கைப்பேசியையே பார்ப்பவர். அந்தக் குணத்துக்காக அவரை எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன்.

ஒரு வாரம் வீட்டில் இருந்தேன். தினமும் காலை ஒன்பதரை மணியானால் என்னால் செய்தித்தாளைப் படிக்க முடியவில்லை. நாற்காலியைச் சுவரை நோக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் விசித்திரமாகப் பார்த்திருக்கக்கூடும்.

எட்டாம் நாள் பள்ளிக்குப் போனபோது முதல் பாடவேளை முடிந்திருந்தது. சமையலறை வாசலில் அந்த அலுமினியப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சமையல்காரம்மா என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல எழுந்தார். பாத்திரம் எப்போது காலியானது, எத்தனை பேர் எடுத்தார்கள், அந்தப் பெண் எடுத்தாளா என்று கேட்க நாக்கு துடித்தது.

"வேலையப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் என் அறைக்குப் போனேன்.